கல்யாணமாகாத டாக்டர் வாங்கிய குதிரை

குதிரைக்காரருக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காதவை இரண்டு. ஒன்று, குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பது. இன்னொன்று, மச்சானின் மாவு மில்.

முதலாவது தொழில் கௌரவம். "இழுத்து நிறுத்துறதுக்குக் குதிரை என்ன கிணத்து வாளியா? நம்ம குதிரை 'ஹோ'ன்னா நிக்கும்" என்பார். பஸ்ஸுக்கு நிற்பவரிடம் சொல்வார், முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போதும் சொல்வார். அந்த 'ஹோ' அவர் வாயிலிருந்து எப்போதும் வந்துகொண்டே இருக்கும். காக்கையை விரட்ட ஹோ, காப்பி சுட்டால் ஹோ, உட்கார்ந்தால் ஹோ, எழுந்தால் இரண்டு ஹோ.

இரண்டாவது குடும்ப விவகாரம். மனைவியின் அண்ணன், ரோட்டோரமாக மாவு மில் வைத்திருப்பவர். தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம், மூட்டைக்கு எடை பார்ப்பதுபோல் தங்கை புருஷனை மேலும் கீழும் பார்ப்பார்.

"மாப்ளே, நிழல்ல வேலை. சாணி அள்ள வேண்டியதில்ல, உதை வாங்க வேண்டியதில்ல. சும்மா வந்து நில்லுங்க."

"பாக்கலாம் மச்சான்" என்று பிடி கொடுக்காமல் நழுவிவிடுவார் குதிரைக்காரர். போயும் போயும் மச்சானுக்குக் கீழே, புருவமெல்லாம் மாவு பூசிக்கொண்டு! அதற்குக் குதிரைக்குப் பதிலாகத் தானே வண்டி இழுக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

பழகாத குட்டிகளை வாங்கி வந்து பழக்கி, வண்டி ஏறாத மேட்டுப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். தொழிற்கூடம் வீட்டின் பின்கட்டுதான். நடுவில் இவர் நிற்பார். நீளக் கயிற்றின் மறுமுனையில் குதிரை சுற்றி வரும். அந்த வட்டத்துக்குள் நின்றபடியேதான் மூன்று பெண் பிள்ளைகளையும் வளர்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. பெரியவளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க ஆள் வேண்டும், கேட்டுக்கொள்வார். நடுவுள்ளவளுக்குச் சண்டை போட ஆள் வேண்டும், போடுவார். சின்னவளுக்குத் தலை பின்னுவதும் இவர்தான். குதிரை வாலைப் பின்னுகிற அதே பின்னல். கயிறு கக்கத்தில், சீப்பு வாயில். பள்ளிக்கூடத்தில் அந்தப் பின்னல் சாயங்காலம்வரை ஒரு முடி கலையாமல் இருப்பதைப் பார்த்து, யார் பின்னிவிட்டது என்று டீச்சர் விசாரித்தாராம். உண்மையைச் சொல்லிவிடாதே என்று அம்மா அடித்துச் சொல்லி அனுப்பியிருந்ததால் பிள்ளை விழித்துக்கொண்டு நின்றதாம்.

அந்த அம்மாவின் சமையலறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்தபடி இருந்தது. அதிலிருந்து நாளெல்லாம் குரல் வரும்.

"என்னங்க! கேஸ் தீரப்போகுது!"

"என்னங்க! சின்னவ ஷூ ஒண்ணைக் காணோம், குதிரைகிட்ட கெடக்கா பாருங்க!"

கூப்பிட்ட மாத்திரத்தில் இவர் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்பார். அப்புறம்தான் மறு வேலை.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் யார் கண் பட்டதோ, விற்ற குதிரைகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் காட்டுக் காவலர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். "போகச் சொன்னா போகுதுங்க. நிக்கத்தான் மாட்டேங்குது. அடுத்தவன் எல்லைக்குள்ள கொண்டுபோய் விட்டுடுச்சு" என்று ஒரே புலம்பல். அதற்கடுத்து கல்குவாரி மேஸ்திரி. அவருக்கும் அதே பாட்டு. ஆச்சரியம் என்னவென்றால், பின்கட்டுக்குத் திரும்பிய குதிரைகள் இரண்டும் பரம சாதுவாக நின்றன.

"பாத்தியா? குதிரை மேல தப்பில்ல. வாங்கினவனுங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றார் குதிரைக்காரர்.

மனைவி அதை நம்பவில்லை. "இதோ பாருங்க. இன்னொரு குதிரை திரும்பி வந்துச்சு, பேச்சே கிடையாது. அண்ணன் மில்லுக்குப் போயிடணும். மூணு பொண்ணுங்க வளருது."

"வந்தாத்தானே?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து வாங்க வந்தவர் ஆஸ்பத்திரி டாக்டர். சின்ன வயது, கல்யாணமாகாதவர். ஜீப் ஏறாத மேட்டு வீடுகளுக்கு நோயாளி பார்க்கப் போக வேண்டும். ஒரு செம்பட்டைக் குதிரையைக் காட்டினார் குதிரைக்காரர். அன்று அது நடந்தது, ஓடியது, வீட்டு அம்மா உப்பு தீர்ந்ததைச் சொல்லக் கூப்பிட்ட நேரத்தில் அழகாக நின்றும் காட்டியது. டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"டாக்டர் உங்களைக் கையோட வரச் சொன்னாரு. குதிரையைத் திரும்ப ஓட்டிக்கிட்டுப் போயிடணுமாம்."

நடந்தது இதுதான். மேட்டில் ஒரு பிரசவம். டாக்டர் குதிரையில் கிளம்பினார். வாசலில் வீட்டார் எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். குதிரை அவர்களைத் தாண்டிப் போனது. டாக்டர் கையை ஆட்டினார், அவர்களும் ஆட்டினார்கள். அடுத்த மேட்டில் புல்லைக் கண்டுதான் குதிரை நின்றது. டாக்டர் மூச்சிரைக்க நடந்து வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்து, குளித்து, தூங்கியும் விட்டது.

"நானும் வர்றேன்" என்று கிளம்பினாள் மனைவி. "என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா டாக்டர் மேல தப்புன்னு வந்து கதை விடுவீங்க." அதோடு விட்டாளா? அண்ணனுக்கும் போன் போட்டாள். அவர் மில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போன குதிரைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குதிரைக்காரர் செம்பட்டை மேல் ஏறி, ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெஞ்சுக்கு எதிரே கம்பீரமாக "ஹோ" என்றார்.

குதிரை போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது சுற்றில் "ஹோவ்!" என்றார். அதற்கும் போனது. அடுத்த சுற்றில், "ஏய், ஹோன்னா காதுல விழலையா?" வாழ்நாள் முழுக்கக் காக்கைக்கும் காப்பிக்கும் சொன்ன அந்த ஹோவை அது எந்தக் காலத்தில் மதித்தது? தன்மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கடிவாளத்தையும் இழுத்தார். மென்மையாகவே பழகிய குதிரை, இது என்ன புது விளையாட்டு என்று வேகத்தைக் கூட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் இருமலை மறந்து பார்த்தார்கள்.

"நல்லாத்தான் சுத்துறீங்க மாப்ளே!" என்றார் மச்சான்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் சிரிக்கிறார்கள், அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே இடுப்புப் பிடிப்பு வேறு. எழுந்து நின்று கத்தினாள்.

"என்னங்க! போதும், இறங்குங்க!"

குதிரை அடித்து வைத்த முளைபோல நின்றது. குதிரைக்காரர் நிற்கவில்லை. அதன் கழுத்து வழியாகச் சறுக்கி, டாக்டரின் காலடியில் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் குதிரையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "அம்மா, இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார். கம்பவுண்டர் குதிரையை ஓட விட்டார்.

"என்னங்க!"

நின்றது. மறுபடி ஓட விட்டார்கள், மறுபடி கூப்பிட்டாள், மறுபடி நின்றது.

கீழே உட்கார்ந்திருந்த குதிரைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் விற்றுத் திரும்பி வராத குதிரைகள் போன வீடுகளிலெல்லாம் 'என்னங்க' என்று கூப்பிட ஒரு பெண் இருந்தாள். காட்டுக் காவலருக்கு யார் இருந்தார்கள்? குவாரியில் யார் இருந்தார்கள்?

"அப்போ நான் என்ன பண்றது? எனக்குக் கல்யாணம் ஆகலையே!" என்றார் டாக்டர்.

"அதுக்கென்ன சார், பாத்துடுவோம்" என்று பெஞ்சிலிருந்து ஒரு காய்ச்சல்காரர் எழுந்தே விட்டார்.

"அவ்வளவு தூரம் வேணாம். நீங்களே கூப்பிடுங்க சார்" என்றாள் மனைவி.

டாக்டர் கூச்சத்தோடு "என்னங்க" என்றார். குதிரை ஒரு காதை மட்டும் திருப்பியது.

"இப்படிக் கெஞ்சினா யாரு நிப்பா? கேஸ் தீந்துபோச்சு, அடுப்புல குழம்பு பாதியில நிக்குதுன்னு நெனச்சுக்குங்க."

டாக்டர் கண்ணை மூடி அடிவயிற்றிலிருந்து "என்னங்க!" என்று ஒரு குரல் விட்டார். குதிரை நின்றது. உள்ளே மருந்து வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கணவன்மார்கள் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள்.

குதிரையை வைத்துக்கொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் குதிரைக்காரர் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷப் பெருமையும் ஒரே சறுக்கலில் போய்விட்டது.

"என்ன மாப்ளே இது?" என்றார் மச்சான். "பழக்கினதெல்லாம் என் தங்கச்சி. பேரு உங்களுக்கா? இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குதிரைக்காரன்னு சொல்லுவீங்க? எந்திரிங்க, நாளைக்கே மில்லுக்கு வந்துடுங்க."

குதிரைக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மீசையைத் தடவவில்லை. "சரி மச்சான். வர்றேன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் மனைவி விடுவிடுவென்று வந்தாள். அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நான் எங்கேண்ணே பழக்கினேன்? நான் கூப்பிட்டது அதுக்கு என்ன புரியும்? நான் கூப்பிட்டப்பல்லாம் இவரு நின்னாரு. ஒரு தடவை தப்பாம நின்னாரு. இவரைப் பாத்துத்தாண்ணே அது நிக்கக் கத்துக்கிச்சு. இத்தனை வருஷமா சொன்ன பேச்சே கேக்காத மனுஷன்னு நான்தான் ஊரெல்லாம் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரு எங்கயும் வரமாட்டாரு. உன் மில்லுல அந்த மெஷின் போடுற சத்தத்துல, நான் கூப்பிட்டா இவருக்குக் கேக்குமா?"