நீல வீட்டைக் கடக்கும் பஸ்

கம்பெனி பஸ்ஸில் இடப்பக்கத்து மூன்றாவது ஜன்னல் சீட் அக்காவுடையது. பெயர் எழுதி ஒட்டாத குறைதான். புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் அக்கா பக்கத்தில் போய் நிற்பாள். அந்தப் பெண்ணே எழுந்துவிடுவாள். அக்கா ஹாஸ்டலில் என் அறைக்காரி, வேலையில் எனக்கு மூத்தவள். ஆரம்பாக்கத்து ஹாஸ்டலிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு நீல வீடு வரும். அதற்காகத்தான் அந்த சீட்.

அது அவள் புருஷன் வீடு. அடி தாங்காமல் அவள் வெளியே வந்தபோது மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். மாமியார் பிள்ளையைக் கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து குடும்பம் நடத்துவதானால் வா, இல்லையென்றால் வாசப்படி மிதிக்காதே என்று ஊர்ப் பெரியவர்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். அதனால் அக்கா தன் மகளை பஸ்ஸிலிருந்து பார்த்தாள். யூனிஃபார்மோடு வாசலில் நின்று குழந்தை கையாட்டும், இவளும் ஆட்டுவாள். ஒரு மூச்சு விடுவதற்குள் வீடு பின்னால் போய்விடும். அப்புறம் நாள் முழுக்க நின்றபடி வேலை. "என்னப் பாத்துட்டாடீ" என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் முகத்தில் தூக்கக் கலக்கம் இருக்காது.

அந்த நாட்களில்தான் விண்வெளியில் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களைப் பற்றிய ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஒரு பக்கம் ஓடுவதற்குள் கண் சொக்கிவிடும். ராக்கெட் எங்களுக்குப் புதிதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஏவுதளத்திலிருந்து அது கிளம்பும்போது எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடுவோம், அக்கா துணி காயப்போடுவதைக்கூட நிறுத்தமாட்டாள். ஆனால் இந்தக் கதையை விடவில்லை. அங்கே சோறு யார் போடுவது, தலைக்குக் குளிப்பது எப்படி, லீவு உண்டா என்று குடைந்தாள். அவர்களுக்கும் மணி பார்த்து வேலை, அவர்களையும் எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று வேறு யாரோதான் முடிவு செய்வார்கள் என்றேன். அப்போ நம்ம ஹாஸ்டல்தான் போ என்றாள். நாவலில் ஒரு பெண் பூமியைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் கீழே தன் ஊரைத் தேடுவாள். அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

"அவ பாக்கறா, சரி. கீழ கீறவங்களுக்கு அவ தெரிவாளா?"

வெறும் புள்ளி ஒன்று நகர்கிற மாதிரி தெரியும் என்றேன். நல்லவேளை, நாம பஸ்ஸுல போறோம் என்று சிரித்தாள்.

வேலையை விட்டு, கல்யாணமாகி, பொதட்டூர்பேட்டையில் பிள்ளையும் வீடுமாக ஓய்ந்துபோயிருக்கிற எனக்கு அந்த நாவலின் முடிவு மறந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு காலை மட்டும் மறந்து தொலையமாட்டேன் என்கிறது.

அந்த வீட்டுக்கு எதிரேயே பஸ் நின்றுபோனது. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி இன்ஜினைத் திறந்தார். குழந்தை ஓடிவந்தது, நேராக அக்காவின் ஜன்னலுக்கே வந்தது. அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். குழந்தை அந்தக் கையைப் பார்க்கவில்லை. ரிப்பனைச் சரிசெய்தது. பல் விழுந்த இடத்தை ஈயென்று காட்டிப் பார்த்தது. கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏசி பஸ், கறுப்புக் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. தினமும் அதில் ஏறி இறங்குகிற எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லையே! இத்தனை நாளும் குழந்தை கையாட்டியது பஸ்ஸுக்கு.

எனக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. கதவு திறந்துதானே இருக்கிறது, போய் ஒரு தடவை தூக்கிவிட்டு வாங்கக்கா என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அக்கா கண்ணை எடுக்கவில்லை.

"எறங்கலாம்டீ. வண்டி ரெடியானா திரும்ப ஏறணுமே. அவ பாத்துக்கினு இருக்கசொல்ல எப்டிடீ ஏறுவேன்?"

டிரைவர் வந்து உட்கார்ந்தார். குழந்தை தள்ளிப்போய் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டியது. அக்காவும் ஆட்டினாள்.