இருபது நிமிடம் நிற்கும் குமிழி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர். முகத்துக்கு நேரே, அக்கா. பதினோரு வருடமாக நுரையீரல் கழுவுகிறார். காலை ஏழு மணிக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மாட்டு நுரையீரல்கள் வந்துவிடும். மூச்சுக்குழாயில் புனலைச் செருகி உப்புநீர் ஊற்றுவார். நுரையீரல் தலையணைபோல உப்பும். கவிழ்த்தால் அரிசி கழுவிய நீர் மாதிரி வெளுப்பாக வடியும். அந்த வெளுப்பில்தான் சரக்கு: மூச்சை விடும்போது நுரையீரலின் குட்டி அறைகள் ஒட்டிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் கொழுப்புப் படலம். குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதாது. அவர்களுக்கு ஒரு மருந்து செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் எந்தக் குழந்தைக்கும் கொடுக்கும் கட்டத்துக்கு வரவில்லை.

கழுவுமுன் ஒவ்வொரு நுரையீரலையும் ஜன்னலோரம் தூக்கி, கத்திரிக்காயில் சொத்தை தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் அக்கா. ரத்தக்கறை ஒரு பொட்டு தெரிந்தாலும் கழிவுத் தொட்டிதான். பத்தில் மூன்று அப்படிப் போகும்.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் அக்காவை அழைத்துப்போக வரும்போது எங்களிடம் சொல்வார்: "என்னையும் இப்படி வெளிச்சத்துல தூக்கிப் பாத்திருந்தான்னா, அன்னைக்கே குப்பைல போட்டிருப்பா."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, தொட்டில எடம் இருக்கு" என்பார் அக்கா.

புதிய தலைமை ஆய்வாளர் வந்த இரண்டாம் வாரம் அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இவ்வளவும் வீணா?"

"ரத்தம் பட்டது சார். கலந்தா சரக்கு கெட்டுடும்."

"மெஷின்ல போட்டுச் சுத்தினா ரத்தம் அடில தங்கிடப்போகுது. இதுக்கு ஒரு ஆள் நின்னு பொறுக்கணுமா?"

நாளை செய்து பார்ப்போம் என்றார். சரியாக வந்தால் அக்காவைக் குடுவை கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பிரிவு பின்கட்டிடத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, பேச ஆளும் கிடையாது. ஜன்னல் இல்லாமல்கூட அக்கா இருந்துவிடுவார்.

மறுநாள் வந்த பத்தில் அக்கா மூன்றைத் தள்ளி ஏழைக் கழுவினார். தள்ளியதில் ஒன்றைத் தலைவர் தாமே கழுவினார். இளஞ்சிவப்பாக நீர் வந்தது. இயந்திரத்தில் மெதுவாகச் சுழற்றினார். சிவப்பெல்லாம் குழாயின் அடியில் ஒரு பொட்டாகப் படிந்தது. மேலே நின்றது வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை வேறொரு குழாயில் சாய்த்து, அக்காவின் நீருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எதும்மா உங்களுது?"

அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஊகமாகவாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். "தெரியல சார்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

மைக்ராஸ்கோப் மேசையிலிருந்த எங்கள் தோழி திரும்பினாள். "ரெண்டு பேரும் கண்ணாலயே தீர்ப்பு எழுதிட்டா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்? குடுங்க இப்படி."

அவள் வேலை குமிழி பார்ப்பது. ஒரு துளி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றுக்குமிழிகளை விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். படலம் நன்றாக இருந்தால் குமிழி இருபது நிமிடம் சுருங்காமல் நிற்கும். அக்காவின் துளியில் குமிழிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. தலைவருடையதில் மூன்றாம் நிமிடமே இளைக்கத் தொடங்கின. ஏழாம் நிமிடத்தில் ஒன்றையும் காணோம்.

தலைவர் இன்னொரு துளி வைக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"சிவப்பணு மட்டும்தான் அடில போயிருக்கு. ரத்தத்துல இருக்கிற புரதம் நிறமே இல்லாம தண்ணில கரைஞ்சு நிக்குது. பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி குமிழியைச் சுத்தி அது போய் உக்காந்துடுச்சு. நம்ம படலத்துக்கு நிக்கக்கூட எடமில்ல. தப்பு என்னுதும்மா, நீங்க இங்கயே இருங்க."

நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"அந்தப் புரதத்துக்கு நிறமே கிடையாதா சார்?"

"கிடையாது. நோஞ்சான் நுரையீரல்ல ரத்தம் வராம அது மட்டுமே கசியும்."

"அப்ப நான் வெள்ளைன்னு விட்டதுல?"

காலையில் கழுவிய ஏழின் நீரும் தனித்தனிக் குடுவைகளில் இருந்தது. மீதி ஆறுக்கும் குமிழி பார்க்கத் தோழியிடம் சொல்லிவிட்டு, அக்கா மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து மேசையோரம் நின்றார். ஐந்து நின்றன. ஒன்று, இருப்பதிலேயே வெள்ளையானது, எட்டாம் நிமிடத்தில் படுத்துவிட்டது. அக்கா அந்தக் குடுவையை எடுத்துப்போய்த் தாமே கொட்டினார்.

"பத்துல மூணே அதிகம்னு நெனச்சேன், இப்ப நாலாயிடுச்சேம்மா!" என்றார் தலைவர்.

"நீங்க பாட்டுக்கு சும்மா இருந்திருந்தா மூணோட போயிருக்கும் சார்" என்றார் அக்கா, குடுவையைக் கழுவிக்கொண்டே.