பிரேக் மாமா திரை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவின் கணவருக்கு ஊரில் பிரேக் மாமா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மாணவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கையில் மாமா. அவர் காலடியில் அவருக்கென்றே தனியாக ஒரு பிரேக். மாணவர் திருப்புவார், வேகம் கூட்டுவார், தானே ஓட்டுவதாக நினைத்துப் பூரித்துப்போவார். வண்டி நிற்பதென்னவோ மாமாவின் வலது காலில்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக மிதித்துப் பழகிய அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. டிவியில் ஒரு லாரி குறுக்கே வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பார். நாம் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலும் அந்தக் கால் லேசாக அழுந்தும். நம்மைப் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு அவர் பேச ஆரம்பிப்பார்.

மனிதர் தங்கமானவர், சந்தேகமே இல்லை. வேலைக்காக நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். ஒருநாள்கூட என்னை வேற்றாளாக நடத்தியதில்லை. ஆனால் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் அவரை நிறுத்த யாரிடமும் பிரேக் கிடையாது.

இந்த முறை சண்டை வந்ததும் அதனால்தான். அக்கா வாசலறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் மெஷின் ஓடிய அதிர்வில் அவள் போன் நழுவிக் கீழே விழுந்து மூலையில் ஒரு கீறல் விழுந்தது. போன் வேலை செய்தது. கீறலும் கண்ணை உறுத்தவில்லை. மாமாவுக்கு அது போதுமா?

"போன்ங்கறது கண்ணாடி. கண்ணாடிய யாராவது விளிம்புல வெப்பாங்களா? முன்னாடி பாக்கணும், பக்கத்துல பாக்கணும், அப்புறம்தான் கைய எடுக்கணும். கவனம்னு ஒண்ணு வேணாமா? பொருளோட அருமை தெரிஞ்சாத்தானே."

அடுப்பில் சோறு வெந்து இறங்கும் வரை பாடம் நடந்தது. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"மிச்சத்த செவுத்துகிட்ட சொல்லுங்க," என்றாள். அத்தோடு இரண்டு பேர் வாயிலும் பூட்டு விழுந்தது.

இந்த வீட்டில் மௌனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் சமாதானத்துக்கு வருகிறவர் தோற்றவர். தோற்றவர் அடுத்த சண்டை வரும் வரை அதைச் சொல்லிக் காட்டக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் தோற்றது அக்காதான். மாமா ஒருமுறைகூட முந்தியதில்லை. "இந்தத் தடவ மட்டும் நான் வாயத் திறந்தா பாரு," என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் கொள்ளை ஆசை.

முதலில் நான்தான் இருவருக்கும் தூது போனேன். "உங்க மாமாகிட்ட உப்பு போதுமான்னு கேளு." "உங்க அக்காகிட்ட போதும்னு சொல்லு." இரண்டு பேரும் என் இரண்டு தோளுக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். அதற்கப்புறம் போனில் எழுத ஆரம்பித்தார்கள். 'பால் வேண்டும்.' 'சரி.' 'கேஸ் தீர்ந்தது.' 'சொல்லிவிட்டேன்.' வீட்டுக் காரியம் கணக்கில் வராது. சமாதான வார்த்தை வந்தால்தான் தோல்வி, அது வாயால் வந்தாலும் சரி, விரலால் வந்தாலும் சரி. இதை இருவரும் எங்கே உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை, பேசத்தான் மாட்டார்களே.

வெள்ளிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியில் மாமா காத்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். திரை முழுக்கச் சிலந்தி வலை. நடுவில் கருப்பாக ஒரு கறை. தொட்டால் ஒன்றும் அசையவில்லை.

"மத்தியானம் ஆச்சு. உங்க அக்காகிட்ட மூச்சு விடாத," என்றார்.

மத்தியானம் பாடம் கற்க வந்தவர் ஓய்வு பெற்ற மேனேஜர் ஒருவர். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை சாலையைக் கடந்திருக்கிறது. மாமாவின் கால் பழக்கதோஷத்தில் அழுந்த, வண்டி குலுங்கி நின்றது. முன்கண்ணாடிக்கு அடியில், விளிம்பில், மாமா வைத்திருந்த போன் பறந்து மேனேஜரின் காலடியில் விழுந்தது. பதறிப்போன மேனேஜர் தன் பிரேக் என்று நினைத்துப் போனை ஓங்கி மிதித்தார். அவர் இதுவரை சரியாக மிதித்தது அதை ஒன்றைத்தான்.

"விளிம்புல வெச்சிருந்தீங்களா மாமா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"கிண்டல் பண்ணாத. பரிகாரம் சொல்லு."

ரிப்பேர் கடைக்குப் போகலாம் என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். பக்கத்துத் தெரு போன் கடைக்காரர் அக்காவிடம்தான் சட்டை தைக்கிறார். விஷயம் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். வேறு கடைக்குப் போகலாமென்றால் மாமாவின் கார் தலையில் கொட்டை எழுத்தில் பலகை இருக்கிறது. எங்கே நிறுத்தினாலும் ஊருக்கே தெரியும். கடைசியில் என் போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே பழைய திரையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான்.

"இவ்வளவுதானா? நானே பண்ணிடுவேன்," என்றார். புதுத் திரைக்கு நான்தான் ஆர்டர் போட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஒன்று நடந்தது. அக்கா பரிமாறிவிட்டு மெஷின் பக்கம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் பாக்கெட்டில் டிங் என்று ஒரு சத்தம். திரை செத்தாலும் போனுக்குத் தொண்டை சாகவில்லை. வகுப்பு நேரம் கேட்டு மாணவர்கள் நச்சரிப்பது வழக்கம் என்பதால் மாமா பாக்கெட்டை மேலோடு தட்டிவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் முழுக்கப் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் மாமா சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தார். திரையோடு வந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் குமிழ், நகம் போல மெல்லிய பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஆபரேஷன் செய்கிறவர்கூட அவ்வளவு பந்தா பண்ணமாட்டார். முடி காயவைக்கும் என் டிரையர் என் கையில் இருந்தது.

"ஓரமா சூடு காட்டு. ஒரே இடத்துல நிக்காத. நகர்த்து, நகர்த்து. கண்ணாடியப் பாத்து நகர்த்து."

"மாமா, இது கார் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

பசை இளகியது. ரப்பர் குமிழை ஒட்டவைத்து இழுத்தார். திரை ஒரு மயிரிழை எழும்பியது. அந்த இடுக்கில் பிளாஸ்டிக் துண்டை நுழைத்து ஓரமெங்கும் மெதுவாக ஓட்டினார். யார் என்ன சொன்னாலும், மனிதருக்குக் கை நிதானம் இருக்கிறது. திரை திறந்துகொண்டது. உள்ளே எள்ளு போன்ற ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வைத்து, பேட்டரி இணைப்பைப் பிரித்து, பழைய திரையை இணைக்கும் நாடா ஒயரையும் எடுத்துவிட்டார். புதுத் திரையின் நாடாவை அதன் குழியில் பொருத்தக் குனிந்த நேரம், தெருவில் ஏதோ ஒரு வண்டி கிரீச்சென்று நின்றது.

மாமாவின் வலது கால் தன் கடமையைச் செய்தது. மேஜைக்குக் குறுக்கே கீழே ஓடும் கட்டையை அது மிதித்த மிதியில் மேஜை ஒரு பக்கம் எம்பியது. துணியிலிருந்த ஸ்க்ரூக்கள் அத்தனையும் தரையில் சிதறின.

அதே நேரத்தில் கதவு திறந்தது. கையில் காய்கறிப் பையோடு அக்கா நின்றாள்.

அவள் மேஜையைப் பார்த்தாள். வயிறு பிளந்து கிடந்த போனைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் ராஜினாமா செய்தவள், கூரையைப் பார்த்தேன். அக்கா பையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய், ஊசி பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தோடு வந்தாள். குனிந்து தரையை மெதுவாகத் துழாவினாள். ஸ்க்ரூக்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மாமா உள்ளங்கையை நீட்டினார். விரல் படாமல் அதில் உதறிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். என்னை மட்டும் கண்ணால் கூப்பிட்டாள்.

"எப்ப உடைஞ்சது?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை எப்ப?"

"மத்தியானம். ஏன்க்கா?"

அவள் தன் போனை என் முன் நீட்டினாள். வெள்ளிக்கிழமை இரவு மாமாவுக்கு அவள் எழுதியது அதில் இருந்தது. 'சரி, நான் போனைப் போட்டது தப்புதான். பேசுங்க. நீங்க பேசாம இந்த வீடு வீடாவே இல்ல.' அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து: 'பார்த்துட்டும் சும்மா இருக்கீங்க.' கடைசியாக, சனிக்கிழமை: 'இனிமே நான் பேசினா என்னை ஏன்னு கேளுங்க.'

மாமா படித்தாரா இல்லையா என்று யாருக்கும் காட்டாதபடி அவர் போனில் மாற்றி வைத்திருப்பார், மாணவர்களின் தொல்லைக்குப் பயந்து. அதனால் அக்காவுக்குத் தெரிய வழியில்லை.

"டிங்னு கேட்டுச்சே. பாக்கெட்டத் தட்டிட்டுத் தண்ணி கேட்டாரே," என்றாள். "படிச்சுட்டுத்தான் கல்லு மாதிரி உக்காந்திருக்கார்னு நினைச்சேன். அப்ப, இன்னும் படிக்கவே இல்லையா?"

பாத்திரங்கள் மேல் காட்டிய கோபமெல்லாம் அவள் முகத்திலிருந்து வடிந்தது. அப்புறம் அந்த முகத்தில் வேறொன்று எட்டிப் பார்த்தது. படிக்கவில்லை என்றால் அவள் இன்னும் தோற்கவில்லை. கூடத்திலிருந்து போன் உயிர்பெறும் இசை கேட்டது. அக்காவின் கட்டைவிரல் பறந்தது. அழுத்தினாள், தேர்ந்தெடுத்தாள், இருவர் போனிலிருந்தும் நீக்கினாள். தையல்காரிக்கு விரல் வேகத்தைச் சொல்லித்தரவா வேண்டும்?

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது மாமா புதுத் திரையில் கடவுச்சொல்லை அழுத்திக்கொண்டிருந்தார். திரை பளிச்சென்று திறந்தது.

"வேலை செய்யுது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிள்ளை பிறந்த தகப்பன் முகம்.

பிறகு செய்திகளைத் திறந்தார். அக்கா ஜன்னலோரம் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அக்கா பெயருக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது. நிமிர்ந்து அக்காவின் முதுகைப் பார்த்தார். அவர் கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். அந்தத் தடவை எதுவும் நிற்கவில்லை.

"என்ன எழுதியிருந்த?" என்று கேட்டுவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மாமா முந்திக்கொண்டார். அக்கா திரும்பவில்லை, தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

"ஒண்ணுமில்ல. பால் வாங்கச் சொல்லி."

"மூணு தடவையா?"

"மூணு பாக்கெட்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"எனக்குக் கண்ணு சரியில்ல மாமா," என்றேன்.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். எழுத்தை அழித்தாலும் வந்த நேரம் அழியாது. அதை அவர் கவனித்த கணம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் முகத்திலிருந்த வம்பெல்லாம் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை ராத்திரி வந்திருக்கு," என்றார் மெதுவாக. "பாலுக்கு எழுதினத யாராவது அழிப்பாங்களா? அன்னிலேருந்து பதில் வரும்னு பாத்துட்டு இருந்தியா?"

அக்காவின் கையில் துணி அப்படியே நின்றது.

"உடைச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"எந்த வாயால சொல்றது?"

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஜெயித்ததும் சொல்லிக் காட்ட எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தாளோ, ஒன்றையும் எடுக்கவில்லை. டிரையரின் ஒயரைச் சுற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"இன்னொரு தடவ எழுது," என்றார் மாமா. "இப்ப படிக்கறேன்."

"எழுத மாட்டேன். எதிர்லதானே நிக்கறேன். கேளுங்க, சொல்றேன்."

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கீறல் விழுந்த நாளில் தொடங்கி, அதற்கு முந்தைய சண்டைக்குப் போய், கல்யாணமான புதிதில் அவர் சொன்ன ஏதோ ஒன்று வரைக்கும் போனாள். அவள் சொல்லி முடிக்கும் வரை மாமா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.