அறுநூறு பக்கக் காதலும் அக்காவின் சிவப்புப் பென்சிலும்

என் அக்காவைப் பற்றி நான்தான் எழுதவேண்டும். அவளை எழுதச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

பதிப்பகத்தில் அவளுக்குச் சுருக்குகிற வேலை. அறுநூறு பக்கப் பழைய காதல் நாவலை நூற்றிருபது பக்கமாக்கித் தரவேண்டும். சிவப்புப் பென்சிலை எடுத்தாளென்றால் நிலா வர்ணனை காலி. நாயகன் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடும் பதினோரு பக்கமும் காலி. ஆபீசில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அங்கேயே அட்டை வடிவமைக்கிற எனக்குக் கத்தரிக்கோல் தங்கச்சி என்று பெயர். எனக்கென்று தனியாக ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினாறு வருஷம் வெட்டியதில் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். இந்த நாயகன்கள் எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு, மனசு உடைந்து, கப்பலேறிப் போய்விடுகிறார்கள். அதிலேயே இருநூறு பக்கம் ஓடிவிடுகிறது. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கல்யாணம்.

இதை வைத்துத்தான் ஆபீஸ் இளசுகளுக்கு அவள் ஆலோசனை. சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குப் போனை நீட்டுவார்கள்.

"மூணு நாளா மெசேஜைப் பார்த்துட்டுப் பதிலே போடலைக்கா. என்ன அர்த்தம்னே தெரியலை" என்று வரவேற்பில் இருக்கும் பெண் ஒருநாள் மூக்கைச் சிந்தினாள்.

"அர்த்தம் தேடுறதையெல்லாம் நாற்பதாம் பக்கத்தோட நிறுத்திக்கணும். பிடிச்சிருக்கா இல்லையான்னு நேரா கேளு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்."

கேட்டாள். ஆறு மாதத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. அதேபோல் கேட்ட விற்பனைப் பிரிவுக்காரருக்கு இல்லை என்று பதில் வந்தது, இரண்டு நாள் லீவு போட்டு அழுதுவிட்டுத் தெளிந்து வந்தார். என் கல்யாணமும் அப்படிக் கேட்டு நடந்ததுதான். குறையொன்றும் சொல்வதற்கில்லை.

பிறகு புரூஃப் பார்க்க ஒருவர் வந்து சேர்ந்தார். அக்கா சுருக்கியதை அசலோடு ஒப்பிட்டுப் படிப்பது அவர் வேலை. ஒரு காற்புள்ளிக்கு அரைமணி நேரம் யோசிப்பார். 'ஆறஅமர' என்று பெயர் வைத்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் என் அக்காவுக்கு, போயும் போயும், அவரைப் பிடித்துப்போனது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில், என் காதுபடவே கேட்டுவிட்டாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எப்படி?"

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அதற்கே ஒரு நிமிஷம் ஆனது.

"யோசிச்சுச் சொல்றேனே, மேடம்."

அக்காவின் முகம் பொசுக்கென்று சுருங்கிவிட்டது. "இல்லைன்னு சொல்லக் கூச்சப்படுறார். விடு, அந்த ஆளை வெட்டியாச்சு" என்று வீட்டில் வந்து சொன்னாள். ஆனால் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை போடத்தான் அவர் மேசைக்குப் போனேன். அசலையும் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"என்ன சார் நினைச்சிட்டிருக்கீங்க?"

"இந்தக் கதையில அவங்க ரெண்டு பேரும் சந்தையிலேர்ந்து வீட்டுக்கு நடந்து வர்றாங்க" என்றார். "தினமும். மொத்தம் முப்பது பக்கம். உங்கக்கா எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"ஒண்ணுமே நடக்கலைன்னா எடுக்காம?"

"அங்கதாம்மா அந்தப் பொண்ணுக்கு அவனைப் பிடிக்க ஆரம்பிக்குது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு உங்கக்காவைப் பிடிக்கும். ஆனா என்னை நேரா கடைசிப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. அவங்க கூடக் கொஞ்ச நாள் நடக்கணும்னு ஆசை. கேட்கத்தான் வாய் வரலை."

அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"நடந்துக்கிட்டே இருக்க எனக்கென்ன இருபது வயசா? போடி" என்று எரிந்து விழுந்தாள். மறுநாள் ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் அவருக்காக நின்றாள்.

அக்காவும் நானும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம். ஆகவே தினமும் பத்தடி பின்னால் நானும் நடக்கவேண்டியதாயிற்று. என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? அவர் வீட்டுக் குழாய் ஒழுகியது. எங்கள் அம்மாவின் முழங்கால் வலி. பல நாள் அதுவும் இல்லை, சும்மா நடந்தார்கள். எனக்குத்தான் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா சுருக்கிய அடுத்த நாவல் நூற்றைம்பது பக்கம் வந்தது. மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். ஒரு பக்கமும் குறைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், மருந்துக்கடை முனையில் அவர் நின்றார்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"மார்ச்ல ஒண்ணு கேட்டீங்களே. அதுக்கு."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.