சம்பா வயலில் அடிக்கல்

சமுதாயக் கல்லூரி நடத்த வருகிறவர்களிடம் எல்லோரும் என்ன பட்டம் என்று கேட்கிறார்கள். தோல் எவ்வளவு தடிமன் என்று கேட்டால் தேவலை. பள்ளிப் படிப்பை நடுவில் விட்ட பெண்களுக்குத் தையலும் நோயாளி பராமரிப்பும் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவதுதான் எங்கள் கல்லூரி. மயிலாடுதுறைப் பக்கம் அதைத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. சொந்த இடமில்லாமல் நிறுவனம் நடத்திய புண்ணியவான்களே, இது உங்களுக்காகத்தான்.

சும்மா இருக்கும் கால்கள்

முதல் வகுப்பு ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் நடந்தது. பக்கத்துக் களத்தில் அவித்த நெல் காயும். அந்த வாடையில் ஜீரண உறுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

ஒருநாள் களத்து வேலைக்கு வரும் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வராமல் நின்றுவிட்டார்கள். ஆலை முதலாளி நேரே வகுப்புக்குள் வந்து, என் மாணவிகளைக் காலால் நெல்லைக் கிளறிவிட அனுப்பச் சொன்னார். வேலைக்கு வராதவர்களில் பாதிப் பேர் இந்தப் பெண்களின் அம்மாக்கள். அம்மா கேட்கும் கூலியை மகளை வைத்தே உடைக்கப் பார்க்கிற சாமர்த்தியத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியவே முடியாது என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“படிச்சுக்கிட்டே கிளறலாமே டீச்சர்? வாய்தானே படிக்கிது, காலு சும்மாதானே இருக்கு?”

எவர்சில்வர் டம்ளர்

அடுத்து ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. தை பிறந்தால் எங்கள் பாடத்திட்டம் அம்போ. அதையாவது பொறுத்துக்கொண்டோம். பந்தி அறையில் தண்ணீர்ப் பானையும் எவர்சில்வர் டம்ளர்களும் இருக்கும். காலனித் தெருப் பெண்கள் அதில் தண்ணீர் குடித்ததை யாரோ போய் மண்டபத்துக்காரரிடம் ஓதிவிட்டார்கள்.

அவர் மேடையேறினால் சமத்துவம் பேசுகிற கட்சிக்காரர். சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரியும். அன்று சாயங்காலமே டம்ளர்களைப் பூட்டிவிட்டு, பிளாஸ்டிக் குவளைகளை வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவர் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை.

“எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாதுங்க டீச்சர். கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத்தான்.”

தானம்

இந்த நிலைமையில், மிராசுதார் சாம்பசிவம் மெயின் ரோட்டோரம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் கல்லூரிக்குத் தானமாகத் தருவதாக அறிவித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மார்கழியில் அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டுவதாக ஏற்பாடு.

இடம் பார்க்கப் போனேன். சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. மடையை அடைத்துக்கொண்டிருந்தவர் கலியபெருமாள், எங்கள் மாணவி செல்வியின் அப்பா. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த நிலம் அவர்கள் குத்தகைச் சாகுபடி. குத்தகை நெல்லை ஒழுங்காக அளக்கிறவரைச் சட்டப்படி அசைக்க முடியாது. மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றிருக்கிறார். ஆனால் ஏழைப் பெண்கள் படிக்கும் கல்லூரி வருகிறது என்றால் எவன் குறுக்கே நிற்பான்? தானம் என்ற பெயரில் எங்களைச் சம்பளமில்லாத அடியாளாக அமர்த்தியிருந்தார் மனுஷன்!

உடம்பெல்லாம் எரிய, அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். காப்பி கொடுத்து உபசரித்தார்.

“நெல்லு எந்த வயல்லயும் வெளையும்மா. காலேஜு ரோட்டோரம் இருந்தாத்தானே அழகு?”

கிடைத்ததை வேண்டாமென்றவர்கள்

கல்லூரிக் குழு கூடியது. கதிரோடு டிராக்டர் விட்டு உழுதுவிட்டால் பந்தல் போட வசதி என்றார் ஒருவர். இன்னொருவர், கலியபெருமாளுக்கு வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றார். அவருடைய வயலுக்கு அவரையே காவல் வைக்கிற கருணை! மாணவியின் வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு அவளுக்கு என்ன பாடம் நடத்துவது என்று கேட்டேன். அந்த நிலத்தில் கட்டடம் வந்தால் நான் அதில் கால் வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். எனக்குக் கிடைக்கும் சம்பளத்துக்கு வேறு ஆள் வராது என்பது குழுவுக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே நிலத்தை வேண்டாமென்றார்கள். குழுத் தலைவர் அதன்பிறகு ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்று கடைசியாகப் பேசியது இதுதான்:

“ஆக மொத்தம், வளரவே கூடாதுன்னு ஒரு காலேஜு நடத்துறீங்க.”

அறுவடைக்குப் பிறகு

பங்குச் சாமியார் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையைத் தந்தார். வகுப்புகள் அங்கே நடந்தன. அறுப்பு முடிந்ததும் கலியபெருமாள் வந்து வாசலில் நின்றார். நன்றி சொல்ல வாயெடுத்தவரிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. கோர்ட்டில் ஜெயித்தவர் நீங்கள், அடிக்கல் நாட்டும் சேதி தெரிந்தும் ஏன் விவசாயச் சங்கத்தைக் கூட்டவில்லை, ஏன் தாசில்தாரிடம் ஓடவில்லை என்று பொரிந்து தள்ளினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே செல்வி, இன்னொரு பெண்ணின் கையில் ரத்த அழுத்தம் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

“மிராசுதார்னா கோர்ட்டுல நிப்பேங்க டீச்சர். எம் பொண்ணு படிக்கிற எடத்த எதுத்து நான் எங்க போயி நிக்க?”

இப்போது வேறோர் இடத்தில் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது, வளர்ச்சி வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். நாங்கள் கட்டாமல் விட்ட கட்டடத்தைத்தான் முதல் பக்கத்தில் போடப் போகிறேன், படத்துக்கு அந்த வயலில் நெல் இருக்கிறது.