கட்டின கயிற்றைக் கழற்றியவர்

அவர் கப்பல் கட்டுகிறவர். இப்படிச் சொன்னதும் புதியவர்கள் பெரிய பொறியாளர் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்: "செய்யிறவன் இல்லீங்க. வந்த கப்பலக் கயித்தால கரையில கட்டுறவன். மாட்ட முளையில கட்டுற மாதிரிதான். மாடு கொஞ்சம் பெருசு."

துறைமேடையில் கயிறு பிடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டத்தார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நங்கூரம். தண்ணீரில் ஆடுகிற எதில் கால் வைத்தாலும் அவருக்குக் குமட்டும். உப்புக் காற்றிலேயே தலை நரைத்த மனிதர், ஒரு கப்பலிலும் பயணம் போனதில்லை. "நங்கூரமாவது தண்ணிக்குள்ள போவும். இது அதுக்கும் பயப்படுற நங்கூரம்" என்பான் கூட்டத்தில் வாயாடி என்று பேர் எடுத்தவன்.

கடலுக்குப் போனது அவர் மனைவி. ஒரு விடுதியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவள். விடுதி மூடியதும், உல்லாசக் கப்பலின் சலவை அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். "வீட்டுக்கு ஒருத்தர் கடலுக்குப் போகணும்னா அது நான்தாங்க. உங்கள ஏத்துனா கப்பல்ல சலவைக்குத் துணிதான் கூடும்" என்றாள். மற்ற வீடுகளில் பெண்கள் கரையில் நின்று வழி பார்த்தார்கள். இந்த வீட்டில் அவர் பார்த்தார். கேலி செய்தவர்களும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவள் இருக்கும் கப்பல் தம் துறைக்கு வரும்போதெல்லாம் அதன் முதல் கயிற்றைத் தம் கையாலேயே மாட்டுவார். ஆண்டவன் தனக்குக் கொடுத்த சலுகை அது என்று நினைத்துக்கொள்வார்.

அன்று விடியும்போதே காற்று ஆள்வைத்து அடித்ததுபோல் அடித்தது. பயணிகள் கூடத்தின் மேலிருந்த கொடி பலகைபோல் விறைத்து நின்றது.

இந்தப் பருவத்தில் கப்பல் வரவேண்டிய போன இரண்டு தடவையையும் காற்று தின்றுவிட்டது. இரண்டு தடவையும் கப்பல் துறைமுக வாய்க்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, படி ஏறாமல் போகும் விருந்தாளிபோல் போய்விட்டது. இன்று கடைசித் தடவை. இன்றும் விட்டால் கப்பல் வேறு கடலுக்குப் போய்விடும். ஒப்பந்தம் முடிந்து இறங்கவேண்டிய அவளை எங்கேயோ இறக்கிவிடுவார்கள். வீடு வந்து சேர நாளாகும்.

நாளாவது பற்றிக் கவலையில்லை. மகளைப் பற்றித்தான் கவலை. அவர்களுக்கு ஒரே மகள். போன வருடம் அவளுக்கு முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அன்றைக்கும் அம்மாவின் கப்பல் காற்றுக்குப் பயந்து துறைக்குள் வரவில்லை. அம்மா போனில்தான் அழுதாள், போனில்தான் தேற்றினாள். இப்போது மறுபடி நிறைமாதம். இந்தத் தடவை மகள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: "போன்ல வர்ற அம்மா எனக்கு வேணாம். நேர்ல வரட்டும். அவ கையப் பிடிச்சிக்கிட்டுதான் உள்ள போவேன்."

குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாளைக்கு அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். வலியோ ஒரு நாள் முந்திக்கொண்டு இன்று விடியற்காலையே வந்துவிட்டது.

துறைமுக வாசலில் கட்டைக்கால் காவலர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இவரோடு கயிறு பிடித்தவர். இழுபட்ட கயிறு ஒன்று அறுந்து சாட்டைபோல் வந்து அவர் காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் நங்கூரம் துறைமேடையில் சிவப்புக் கோடு போட்டார். கயிறு விறைத்துவிட்டால் கோட்டுக்குள் யாரும் போகக்கூடாது. மேலதிகாரியே வந்து நின்றாலும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விடுவார்.

"வருமாய்யா?" என்றார் காவலர்.

"வரணும்."

"வரணும்னு நானும்தான் சொல்றேன். வருமான்னு கேட்டேன்."

"அதக் காத்துகிட்ட கேளுங்க. நான் கேக்க வேண்டியவர்கிட்டக் கேட்டுட்டேன்" என்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. முதல் பேருந்தின் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடல் தெளித்த உப்பு, துடைக்கத் துடைக்கப் படிந்தது.

துறைமுக வாய்ப்பக்கம் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஒரு தெருவே மிதந்து வருவதுபோல் இருந்தது. வெளியே நின்றுவிட்டுப் போய்விடுமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது உள்ளே திரும்பியது.

"வந்திருச்சு அத்தான்" என்றான் அவர் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. அக்கா கையில் வளர்ந்தவன், இவர் கூட்டத்திலேயே கயிறு பிடிக்கிறவன்.

"இன்னும் வரல. கட்டுனாத்தான் வந்தது."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன்.

"மாமா, டாக்டர் இப்பவே உள்ள கொண்டுபோகணும்னு சொல்றாங்க. குழந்தையோட துடிப்பு விட்டு விட்டு வருதாம். இவ மாட்டேங்கிறா. கட்டில் கம்பியப் பிடிச்சிக்கிட்டு அம்மா வரட்டும்ங்கிறா."

"கப்பல் உள்ள வந்திருச்சு மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

"நான் பொறுப்பேன் மாமா. உள்ள இருக்கிறது பொறுக்கணுமே."

கப்பல் பக்கவாட்டில் நெருங்கியது. அதன் வயிற்றுப்பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு கதவு திறந்திருந்தது. இறங்குகிறவர்களுக்கு அங்கிருந்துதான் பாலம் போடுவார்கள். கதவில் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நின்றாள். தலைமுடியைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. கையை ஆட்டவில்லை. இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

மேல்தளத்திலிருந்து மெல்லிய எறிகயிறு பறந்து வந்து விழுந்தது. அதைப் பிடித்து இழுக்க, பின்னாலேயே தொடைப் பருமன் கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது. அதன் வளையத்தை அவர் தம் கையாலேயே இரும்புத் தூணில் மாட்டினார். வழக்கம்போல் அதை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பின்பக்கத்திலும் ஒரு கயிறு மாட்டியாயிற்று. கப்பலுக்கும் மேடைக்கும் இடையே ஒரு தெருவின் அகலம்தான் இருந்தது.

அப்போது காற்று திசை மாறி அடித்தது.

கப்பலின் முன்பகுதி மெல்ல விலகியது. அவர் மாட்டிய கயிறு தண்ணீரைப் பிழிந்து சொட்டிக்கொண்டே நேராயிற்று. பிறகு சொட்டுவதும் நின்றது. கயிற்றிலிருந்து ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது.

"கோட்டுக்கு வெளிய வாங்க எல்லாரும்" என்றார்.

வாக்கி-டாக்கியில் பைலட்டின் குரல் வந்தது. கப்பலைத் துறைக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிறவர் அவர். "நடுத்தூண்ல ஒரு கயிறு போட முடியுமா? அது விழுந்துட்டா கொஞ்ச நேரம் பிடிச்சு நிறுத்திருவேன். பாலம் போட்டு ஆளுங்கள இறக்கிரலாம். உங்க சம்சாரம் இறங்குறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா கீழ நிக்கிறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

நடுத்தூண் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தது. முனகுகிற கயிற்றுக்கு நேர் கீழே.

"நான் போறேன் அத்தான்" என்றான் மைத்துனன். "இன்னொரு எறிகயிறு அங்கதான் விழுந்து கிடக்கு. ஓடிப் போயி மாட்டிட்டு வந்துருவேன்."

"வேணாம்."

"அக்கா நிக்கிறா, தெரியலயா?"

"தெரியுது."

"உங்க பொண்டாட்டி அத்தான். ஆஸ்பத்திரியில ஒருத்தி கம்பியப் பிடிச்சிக்கிட்டு அழுவுறா, அது உங்க பொண்ணு. நான் என்ன யார் வீட்டுக்கோவா ஓடுறேன்?"



அவர் மனசு இரண்டு பக்கமும் இழுபட்டது. ஒரு நிமிஷ வேலைதான். இதைவிட மோசமான கயிறெல்லாம் தாங்கியிருக்கிறது. கடவுளே, ஒரு நிமிஷம் இந்தக் காற்றைப் பிடித்து வை என்று கேட்டார். கயிறு முன்னைவிட உரக்க முனகியது. மைத்துனன் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டான். அவர் எட்டி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான்கள் தெறித்தன. இருவரும் சறுக்கி விழப் பார்த்தார்கள்.

சட்டையை விடாமலே வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "போட முடியாது சார். கயித்தத் தளர்த்துங்க. கழட்டிருறோம்."

பைலட், "சரி" என்றார்.

கப்பல் முக்கி முன்னே வந்து கயிற்றைத் தளரவிட்டது. அதுவரை காத்திருந்து, மாட்டிய கையாலேயே வளையத்தைத் தூக்கி எடுத்தார். அது மேடை விளிம்பில் உரசிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது. பின்பக்கத்துக் கயிற்றையும் கூட்டத்தார் கழற்றிவிட்டார்கள்.

"பாத்தீங்களா, அறுந்து போகவே இல்ல" என்றான் மைத்துனன். "கடைசி வரைக்கும் தாங்குச்சு."

உண்மைதான், அது அறுந்துபோகவில்லை.

கப்பல் பின்வாங்கியது. கதவில் நின்றவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அவர் போன் அடித்தது.

"என்னங்க."

"நான்தான் கழட்டுனேன்" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். தம்பி கால எடுத்து வச்சதையும் பாத்தேன், நீங்க இழுத்ததையும் பாத்தேன்."

"கோவமா?"

"கோவப்பட இப்ப நேரமில்ல, ஊருக்கு வந்து பட்டுக்கிறேன். மக என் போன எடுக்க மாட்டேங்கிறா. நீங்க ஓடுங்க. சிக்னல் இருக்கிற வரைக்கும் நான் இருக்கேன். வைக்காதீங்க."

அவர் வாசலை நோக்கி ஓடினார். பேருந்து ஓட்டுநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கப்பல் போய்விட்டதால் சவாரியும் போயிற்று. "ஏறுங்கய்யா" என்றார். பெரிய கண்ணாடிப் பேருந்து, வரிசை வரிசையாகக் காலி இருக்கை. நடுவில் கிரீஸ் படிந்த சட்டையோடு ஒரே ஒரு மனிதர், அணைக்காத போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

பிரசவப் பிரிவு வாசலில் நர்ஸ் மறித்தார். "கைய மொதல்ல கழுவுங்க. இது என்ன ஆஸ்பத்திரியா, மெக்கானிக் கடையா?" அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ரேகைக்குள் போன கறுப்பு போகவில்லை.

மகள் கட்டில் கம்பியை விடவில்லை. அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

பொய் சொல்லலாம். வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொன்னால் நம்பி உள்ளே போய்விடுவாள். பக்கத்தில் டாக்டர் கையுறையோடு காத்திருந்தார், மருமகன் கண்ணால் கெஞ்சினான். ஆனால் அவருக்கு நாக்கு வரவில்லை.

"கப்பல் வந்துச்சும்மா. கட்டினேன். காத்து விடல. உன் மாமன் உயிரப் பணயம் வச்சுப் பிடிச்சு நிறுத்தப் பாத்தான். நான் விடல. நானே கழட்டி அனுப்பிட்டேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப போன வருஷம் மாதிரியேதான்" என்றாள்.

"போன வருஷம் மாதிரி இல்ல. போன வருஷம் நான் ஆஸ்பத்திரிக்கு வெளிய தூணப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். இப்ப உள்ள வந்திருக்கேன்." போனை நீட்டினார். "உங்கம்மா இதுல இருக்கா. வேணாம்னா வேணாம். சிக்னல் போற வரைக்கும் வைக்க மாட்டேன்னு நிக்கிறா. கேக்கிறதுன்னா கேளு."

அவள் திரும்பவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவர் போனை அவள் காதருகே பிடித்தார். காற்றும் இயந்திரமும் இரைகிற சத்தத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்து அம்மா சொல்லும் பிரார்த்தனை. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, அவளாகவே கட்டியது.

"தலை உன்னுது, கால் உன்னுது, கடவுளே. நடுவுல இருக்கிற..."

குரல் கரகரத்தது. ஒரு சொல் பாதியாக வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

மகள் கம்பியை இன்னும் இறுக்கினாள்.

அவர் வாய்விட்டுப் பிரார்த்தித்த மனிதர் இல்லை. கடவுளிடம் பேசுவதையும் மேலதிகாரியிடம் பேசுவதுபோல மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, சொரசொரத்த உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தார்.

"நடுவுல இருக்கிறதெல்லாமும் உன்னுது. பத்திரமாத் திருப்பிக் கொடு."

எத்தனை காய்ச்சலுக்கு, கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டிருப்பார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவள் கை கம்பியிலிருந்து இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா கையில சோப்பு வாசம் வரும்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "உங்க கையில என்னப்பா இப்படி கிரீஸ் நாறுது."

"கழுவிட்டுத்தாம்மா வந்தேன்."

"கதவு வரைக்கும் வாங்க."

கதவு வரைக்கும் போனார். அங்கே நர்ஸ்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடவேண்டியிருந்தது.

பிறகு வெளியே பெஞ்சு. மருமகன் நடந்துகொண்டே இருந்தான். சற்றுக் கழித்து மைத்துனன் வந்தான். பொத்தானில்லாத சட்டையை ஒரு கையால் மூடிப் பிடித்தபடி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். துறைமுக வாசலில் கட்டைக்கால் காவலர் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று பின்னாளிலும் அவன் சொன்னதில்லை. தன் காலை நீட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே காற்று அடங்கவில்லை.

கதவுக்குள்ளிருந்து ஓர் அழுகுரல் வந்தது. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அது நின்றது. மறுபடியும் வந்தது, இந்தமுறை கோபமாக, நிறுத்தாமல்.

நர்ஸ் தலையை நீட்டி, "பொண்ணு. தாயும் நல்லா இருக்காங்க" என்றார்.

மைத்துனன் அவர் தோளில் நெற்றியை வைத்தான். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

அவர் போனை எடுத்து மனைவிக்கு அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று, பதிவு செய்து வைத்த பெண்குரல் ஒன்று சொன்னது. அது சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்பதுபோல அந்தப் பெண்ணிடமே சொன்னார்.

"பொண்ணு பிறந்திருக்கா. ரெண்டு பேரும் சுகம். நீ பதறாம வா."