இங்கே புகையிலை கிடையாது

ஈரத்துணியால் வெற்றிலையின் இரு பக்கத்தையும் துடைத்துக் காம்பைக் கிள்ளின கதிரேசனின் கைகள். நடு நரம்பை நகத்தால் உரித்தன. மிளகளவு சுண்ணாம்பு, கொஞ்சம் கூடினாலும் நாக்கு வெந்துவிடும். அதன்மேல் குல்கந்து, சோம்பு, தேங்காய்த் துருவல். கடைசியாக ஒரு சிட்டிகை சீவல் பாக்கு. மடித்து, பிரியாதபடி ஒரு கிராம்பால் குத்தி, தட்டில் வைத்தன.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், ஒரு மேசை அகலமே உள்ள பீடாக் கடை அது. கதிரேசனுக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. பீடா போட்டுக்கொண்டவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அளவுகளைத் திருத்திக்கொண்டார். கடையில் ஒரே ஒரு அறிவிப்பு தொங்கியது: 'இங்கே புகையிலை கிடையாது.' மெல்லும் புகையிலையைச் சட்டம் தடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கைப்பட எழுதி மாட்டியது.

"என்ன கதிரு, வியாபாரம் ஜோரா?"

குரல் பல்லுக்கிடையில் நசுங்கி வந்தது. இருதயராஜ். ஜூரோங்கில் பாரந்தூக்கி ஓட்டுபவர். பூன் லேயிலிருந்து பதினான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய பீடாவும் சீவலும் வாங்கிப் போவார். ஆறு வாரமாக ஆளைக் காணோம்.

"எங்கண்ணே போயிட்டீங்க? பொண்ணு இனியாவோட நிச்சயதார்த்த வேலையா?"

"வாய் திறக்கல. ரெண்டு விரல்கூட நுழையல. கன்னத்துல ஒரு புண்ணு. சதைய எடுத்துப் பார்த்துட்டு கேன்சர்னு சொல்லிட்டாங்க."

கதிரேசனின் கை பாக்குக் கிண்ணத்தில் நின்றது. "நீங்கதான் சிகரெட்ட விட்டுட்டீங்களே?"

"ஆமா. யாரு விட வெச்சது? 'வாய் சும்மா இருக்க முடியலன்னா இதப் போடுங்கண்ணே, புகையிலை இல்ல, ஒண்ணும் ஆகாது.' யாரு சொன்னது? நீதானே லா?"

"அண்ணே, பாக்கு வெறும் கொட்ட..."

"நானும் அதையேதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில அந்தத் தாதி இருக்கே, ரக்ஷனா, நம்ம புள்ளதான், தமிழ்ல புட்டுப் புட்டு வெச்சிடுச்சு. பாக்கு தனியாவே போதுமாம், புகையிலையே வேணாமாம். இருபது வருஷத்துக்கு மேல உலகத்துக்கே தெரியுமாம். உனக்கும் எனக்கும்தான் தெரியல."

"கிருமி மாதிரி எதாச்சுமா?"

"கிருமின்னா வெளியாளுன்னு திட்டித் தீர்த்துக்கலாம். இது என் சொந்த செல்லு."

தாதி சொன்னதை அவர் விட்டு விட்டுச் சொன்னார். பாக்கின் நார் கன்னத்தின் உட்புறத்தைக் கீறுகிறது. கீறலை ஆற்ற அங்குள்ள உயிரணுக்கள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. பிரியும் ஒவ்வொரு முறையும், எப்படி வாழ வேண்டும் என்று தனக்குள் எழுதியிருக்கும் கட்டளைகளை உயிரணு முழுவதுமாக நகலெடுத்தாக வேண்டும். நகலில் பிழை விழும். பெரும்பாலும் அதுவே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாவிட்டால் தானாகவே மடியும். பாக்கின் சாறோ அந்தக் கட்டளைகளையே சிதைக்கிறது. பல ஆண்டுகளில், 'நிறுத்து' என்பதும் 'மடிந்துவிடு' என்பதும் ஒரே உயிரணுவில் கெட்டுப்போனால், அது பிரிந்துகொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வளரும். ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உடம்பின் காவல் அதைத் தன் வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிடும்.

"அறுபது வருஷமா சோறு போட்டு வளர்த்த செல்லு," என்றார் இருதயராஜ். "அடுத்த வாரம் திங்கக்கிழம ஆபரேஷன். அதுக்கு முன்னால சனிக்கிழம இனியாவுக்கு நிச்சயம். நூத்தியிருபது பீடா சொல்லியிருந்தேன்ல?"

"வேணாமாண்ணே?"

"ஏன் வேணாம்? மாப்பிள்ள வீட்டுல எதிர்பார்ப்பாங்க. வழக்கம்போலப் போடு. ஒண்ணும் ஆகாதுன்னு வர்றவங்க எல்லாருக்கும் நீயே சொல்லிக் குடு."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கதிரேசன் கையைக் கழுவி, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைத்துப் பார்த்தார். நுழைந்தன. நிம்மதி வரவில்லை, வெட்கமாக இருந்தது. சீவல் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு பச்சைப் பாக்குத்தோப்புப் படம், இனிப்பான ஒரு பெயர், 'இயற்கையானது' என்ற ஒரு சொல். வேறொன்றும் இல்லை. அவரும் இத்தனை நாள் அதை நம்பித்தான் விற்றிருக்கிறார். பிறகு தன் அறிவிப்பைப் பார்த்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் எல்லாரும் இங்கே பயமில்லை என்றுதான் படித்திருப்பார்கள். கழற்றி மேசைக்கடியில் வைத்தார்.

சனிக்கிழமை காலை, நூற்றிருபதும் அட்டைப் பெட்டியில் வரிசையாக இருந்தன. இருதயராஜ் ஒன்றை எடுத்துக் கிராம்பைப் பிடுங்கி விரித்தார். விரலால் கிளறினார்.

"பாக்கு எங்க?"

"போடலண்ணே."

"நிச்சயத்துக்குப் பாக்கு இல்லாம குடுத்தா மாப்பிள்ள வீட்டுல கேப்பாங்க லா."

"என் கடைப் பேரச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"பீடாக்காரனுக்குப் பீடா போடத் தெரியலன்னு."

இருதயராஜ் விரித்த வெற்றிலையை மறுபடி மடிக்கப் பார்த்தார், கிராம்பு நிற்கவில்லை. கதிரேசன் அதை வாங்கி, மடித்துக் குத்தி, வரிசையில் வைத்தார். பெட்டியை மூடி இரண்டு கையாலும் நீட்டினார்.